எலக்ட்ரிக் கிட்டாருக்குப் புது நெக் மாட்டினால் வரும் கோளாறுகள்: எதை முதலில் பார்ப்பது, எங்கே நிறுத்துவது

கிட்டாரின் உடல்பகுதியான பாடியோடு ஸ்குரூ போட்டுப் பிணைக்கும் நெக்குகளுக்கு (கழுத்துப் பகுதி) மட்டுமே இந்த வழிமுறை. ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர், அவற்றைப் பார்த்துச் செய்த மற்ற கம்பெனி கிட்டார்கள் எல்லாம் இதில் அடங்கும். லெஸ் பால் போலப் பசையால் ஒட்டிய நெக் என்றால் எதையும் கழற்ற முயல வேண்டாம். அது முழுக்க வேறு வேலை.

நெக் மாற்றிவிட்டு "சரியாக வரவில்லை" என்று கொண்டுவரும் கிட்டார்களில் ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சாடில்களை ஏற்றி இறக்கியிருப்பார்கள். நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை முடிந்த மட்டும் திருகியிருப்பார்கள். கம்பியைக்கூட மாற்றியிருப்பார்கள். நெக்கைக் கழற்றி, அது உட்காரும் பாக்கெட்டை மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் பாக்கெட் முதலில், ட்ரஸ் ராட் பிறகு. இந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: வெர்னியர் காலிப்பர், நல்ல ஸ்டீல் ஸ்கேல், 2-ஆம் எண் ஸ்டார் ஸ்குரூ டிரைவர், மெல்லிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், தூண்டில் நரம்பு கொஞ்சம், மெழுகுவர்த்தித் துண்டு. ஃபீலர் கேஜுக்கு கிட்டார் கடையைத் தேட வேண்டாம். பைக் மெக்கானிக்குகள் டாப்பெட் வைக்கப் பயன்படுத்துவதே போதும், ஆட்டோமொபைல் ஸ்பேர் கடையில் கிடைக்கும்.

## நெக் பாக்கெட்டுக்குள் இறங்கவே இல்லை

அடித்து இறக்காதீர்கள். பாக்கெட்டின் ஓரத்தில் பாடியின் மரம் மெல்லியதாக இருக்கும். கீழ்க் கொம்புப் பக்கம் விரிசல் விட்டால் அதைச் சரிசெய்யும் செலவு நெக்கின் விலையை எட்டிவிடலாம்.

### பெயின்ட் தடித்திருக்கிறதா?

மிகச் சாதாரணமான காரணம் இதுதான். பாக்கெட்டின் உள்சுவரிலும் மேல் விளிம்பிலும் பெயின்ட் வழிந்து காய்ந்து திரண்டிருக்கும். விரலால் தடவினாலே தெரியும். 220 எண் உப்புத்தாளை ஒரு தட்டையான மரத்துண்டில் சுற்றி, பெயின்ட் திரட்டை மட்டும் தேயுங்கள். மேலிருந்து உள்நோக்கித் தேய்க்க வேண்டும். உள்ளிருந்து மேலே இழுத்தால் பாடியின் முகப்பில் பெயின்ட் பெயர்ந்துவிடும். அடிக்கொருதரம் நெக்கை வைத்துப் பாருங்கள். லேசாக அழுத்தினால் இறங்கி, பாடியைத் தூக்கினால் ஸ்குரூ இல்லாமலே நெக் ஒரு கணம் நிற்கிற அளவு போதும்.

### மூலைகள் இடிக்கின்றனவா?

நெக்கின் கீழ்முனையை ஹீல் என்பார்கள். ஸ்ட்ராட் ஹீலின் முனை வளைவாகவும் டெலி ஹீலின் முனை சதுரமாகவும் இருக்கும். ஸ்ட்ராட் நெக் டெலி பாடியில் உட்காரும், மூலையில் கொஞ்சம் இடைவெளி தெரியும், அவ்வளவுதான். டெலி நெக் ஸ்ட்ராட் பாடியில் உட்காராது. ஹீலின் மூலைகளை வளைவாகச் செதுக்கினால் உட்காரும், ஆனால் பிறகு அந்த நெக்கை டெலிக்கு விற்க முடியாது.

### அளவே வேறா?

ஃபெண்டர் (ஸ்ட்ராட், டெலி செய்யும் கம்பெனி) வகை ஹீல் ஏறக்குறைய 56 மி.மீ. அகலம். விரல் அழுத்தும் மேல்பலகையான ஃப்ரெட்போர்டையும் சேர்த்து 25 மி.மீ. தடிமன். பாக்கெட்டின் ஆழம் 16 மி.மீ. அளவில் இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மலிவு விலைக் கிட்டார்களில் இவை ஒன்றிரண்டு மி.மீ. மாறுவது சகஜம். அரை மி.மீ. வித்தியாசம் என்றால் பொறுமையாக உப்புத்தாளால் எடுக்கலாம். அதற்கு மேல் போனால் பாக்கெட்டை, மரம் குடையும் மெஷினான ரவுட்டரால் அகலப்படுத்த வேண்டும். அச்சுப்பலகை இல்லாமல் கையால் ரவுட்டர் ஓட்டக் கூடாது. கதவு, கட்டில் செய்யும் பட்டறையில் கொடுக்கவும் வேண்டாம். அவர்கள் கை சுத்தமாகவே இருக்கும், ஆனால் இந்த வேலையில் கால் மி.மீ. கணக்கு. கிட்டார் வேலை தெரிந்தவரிடம் போங்கள்.

### 22 ஃப்ரெட் நெக்கா?

21 ஃப்ரெட் (ஃப்ரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நெக் இருந்த பாடியில் 22 ஃப்ரெட் நெக் போட்டால் கடைசி ஃப்ரெட்டுக்கான பலகை ஹீலைத் தாண்டி, பாடியின் முகப்பை மூடும் தகடான பிக்கார்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். பிக்கார்டு அங்கே முட்டினால் நெக் இறங்கியதுபோலத் தெரியும், உண்மையில் ஒரு நூல் மேலே நிற்கும். பிக்கார்டைக் கழற்றிவிட்டு நெக்கை வைத்துப் பாருங்கள். அப்போது சரியாக உட்கார்ந்தால் தேய்க்க வேண்டியது பிக்கார்டின் விளிம்பை, நெக்கை அல்ல.

## ஸ்குரூ ஓட்டைகள் பொருந்தவில்லை, அல்லது ஸ்குரூ பாதியில் நின்றுவிடுகிறது

புது நெக்கில் ஓட்டை போட்டே வந்திருந்தால் முதலில் அளந்து பாருங்கள். ஃபெண்டரின் நான்கு ஸ்குரூ அமைப்பில் ஓட்டை மையங்களின் தூரம் நீளவாக்கில் 51 மி.மீ., குறுக்கே 38 மி.மீ. 1970-களின் பெரும்பாலான ஸ்ட்ராட்டுகளிலும் அவற்றின் மறுபதிப்புகள் பலவற்றிலும் மூன்று ஸ்குரூதான். அந்த நெக் நான்கு ஸ்குரூ பாடிக்கு நேரடியாகச் சேராது.

ஒரு மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதற்காக ஸ்குரூவைச் சாய்த்து ஏற்றாதீர்கள். அது நெக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும். கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு இதுவே காரணம். பழைய ஓட்டைகளை அடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே சரி. அடைக்கக் கடினமான மரம் வேண்டும். ஃபர்னிச்சர் ஹார்டுவேர் கடையில் விற்கும் பீச் மர டவல் (உருண்டை மரக்குச்சி) நன்றாக வேலை செய்யும். அதன் அளவுக்கு ஓட்டையைப் பெரிதாக்கி, மரப்பசை தடவி இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, ஹீலோடு சமமாக வெட்டுங்கள். பல்குச்சியைத் திணித்து அடைப்பது பிக்கார்டு ஸ்குரூவுக்குச் சரி, நெக் ஸ்குரூவுக்குப் போதாது.

புது ஓட்டை போடும் முறை இது:

பாக்கெட்டில் நெக்கை அடிவரை தள்ளி வைத்து, ஃப்ரெட்போர்டில் துணி மடித்து வைத்து, சி-கிளாம்பால் பிடியுங்கள். முதல் கம்பியின் (மிக மெல்லியது) இடத்திலும் ஆறாம் கம்பியின் (மிகத் தடித்தது) இடத்திலும் தூண்டில் நரம்பை நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் படியும் வெட்டுகள் உள்ள துண்டு) சாடில் வரை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நரம்பும் ஃப்ரெட்போர்டின் விளிம்பிலிருந்து சம தூரத்தில் ஓடும் வரை நெக்கை அசைத்துச் சரிசெய்யுங்கள். அதன் பிறகுதான் பாடியின் ஓட்டை வழியாக ஹீலில் குறி வைக்க வேண்டும். பாடி ஓட்டையில் இறுக்கமாகப் பொருந்துகிற அளவு, 4.5 அல்லது 4.8 மி.மீ. பிட்டை விட்டுக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றினால் நடுப்புள்ளி விழும்.

பிறகு நெக்கை எடுத்து 3.2 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். மேப்பிள் கடினமான மரம், இதைவிடச் சிறிய துளையில் ஸ்குரூ முறியும் ஆபத்து உண்டு. ஆழத்தைக் கணக்குப் போட வேண்டாம். பாடியின் பின்பக்கம் வரும் உலோக நெக் பிளேட்டோடு ஸ்குரூவைப் பாடியில் செருகி, பாக்கெட்டுக்குள் எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து, அதோடு ஒன்றரை மி.மீ. கூட்டி, பிட்டில் மாஸ்கிங் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வழக்கமான 45 மி.மீ. ஸ்குரூ நெக்குக்குள் 14 மி.மீ. அளவு போகும். டேப் இல்லாமல் துளைத்து ஃப்ரெட்போர்டின் மேற்பக்கமாகப் பிட் வெளிவந்த நெக்குகள் உண்டு. அதற்குத் திருப்தியான பரிகாரம் கிடையாது.

ஸ்குரூ பாதியில் இறுகினால் வெளியே எடுத்து, மரையில் மெழுகைத் தேய்த்து மறுபடி ஏற்றுங்கள். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கும். பேட்டரி டிரில்லால் ஏற்றாதீர்கள், கை டிரைவரில் இறுகுவது உணர்வில் தெரியும். தலை மழுங்க ஆரம்பித்தாலோ, உள்ளே முறிந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். முறிந்த ஸ்குரூவைச் சுற்றித் துளைத்து எடுக்க வெற்றுக்குழல் பிட் வேண்டும். வீட்டில் பிளையரால் நோண்டினால் ஹீல் சிதையும்.

## எல்லாம் இறுக்கியும் நெக்குக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது

இந்த ஒரு கோளாறு பிடிபட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே போய்விடும். அதனால் இதில் அவசரப்பட வேண்டாம்.

சோதனை எளிது. மெல்லிய காகிதத் துண்டை நெக்கும் பாக்கெட்டும் சேரும் இடத்தில், பக்கவாட்டில் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் நெக் அடியில் உட்காரவில்லை. சுவருக்கும் நெக்குக்கும் நடுவே நெடுக்காக இருக்கும் மெல்லிய இடைவெளி பரவாயில்லை, அங்கே காகிதம் போகும். அடியில் போகக் கூடாது.

### குப்பை, பழைய ஷிம்

முதல் நெக்கின் உயரத்தையோ சாய்வையோ சரிசெய்யப் போட்ட அட்டைத்துண்டோ மரத்தகடோ (இதுதான் ஷிம்) பாக்கெட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். புது நெக்குக்கு அது தேவையே இருக்காது. எடுத்துவிடுங்கள். மரத்தூளையும் பெயின்ட் துகளையும் பிரஷ்ஷால் தட்டுங்கள்.

### மைக்ரோ டில்ட் ஸ்குரூ

சில பாடிகளில் நெக் பிளேட்டில் ஆலன் கீ போடும் ஓட்டை ஒன்று இருக்கும். உள்ளே நெக்கைச் சாய்க்கும் ஸ்குரூ இருக்கிறது. அது பாக்கெட்டில் தலை நீட்டிக்கொண்டிருந்தால் நெக் எப்படி உட்காரும்? முழுக்க உள்ளே இறக்கிவிடுங்கள். புது நெக்கின் ஹீலில் உலோக வட்டு இல்லையென்றால் அந்த ஸ்குரூவைப் பயன்படுத்தவே வேண்டாம், மரத்தைக் குடைந்துவிடும்.

### பாடி ஓட்டையில் மரை பிடிக்கிறது

பலரும் கோட்டைவிடும் இடம் இது. நெக் ஸ்குரூ பாடியின் ஓட்டையில் சும்மா நழுவிப் போக வேண்டும். பிடிக்க வேண்டியது நெக்கின் மரத்தில் மட்டும். பாடியிலும் மரை பிடித்தால், நெக் எந்த உயரத்தில் நிற்கும்போது ஸ்குரூ அதைத் தொட்டதோ அந்த உயரத்திலேயே இரண்டும் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் இடைவெளி மூடாது, பிளேட்தான் மரத்தில் பதியும். கட்டைவிரலால் அழுத்தினால் ஸ்குரூ பாடிக்குள் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் பாடி ஓட்டையை 4.5 மி.மீ. ஆக்குங்கள். பெயின்ட் உள்ள முகத்தில் பிட்டை முதலில் ரிவர்ஸில் சுற்றினால் பெயின்ட் பெயராது.

### துளையைச் சுற்றி மரம் புடைத்திருக்கிறது

ஸ்குரூ ஏறும்போது துளையின் வாயில் மரம் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையம்போலப் புடைக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேலை ஹீலில் குறுக்காக வைத்தால் ஆடும். பெரிய பிட் ஒன்றைக் கையால் பிடித்துத் துளையின் வாயை லேசாகச் சரித்துவிடுங்கள். நான்கிலும் செய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இடைவெளி இருந்தால் பாக்கெட்டின் அடித்தளம் சமமாக இல்லை என்று பொருள். ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் மேடு இருந்தால் சரிசெய்ய ரவுட்டர் வேண்டும். அது வெளி வேலை.

கடைசியாக ஒன்று. நெக்கை மாட்டி, கம்பி போட்டு, சுருதிக்கு ஏற்றிய பிறகு நான்கு ஸ்குரூவையும் கால் சுற்று தளர்த்துங்கள். சின்னதாக ஒரு "டக்" சத்தம் கேட்கலாம். கம்பியின் இழுப்பு நெக்கைப் பாக்கெட்டின் கடைக்கோடிக்குத் தள்ளிய சத்தம் அது. உடனே எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். சத்தம் வராவிட்டாலும் நட்டமில்லை.

## முதல் கம்பியோ ஆறாம் கம்பியோ ஃப்ரெட்போர்டை விட்டு நழுவுகிறது

மேல் ஃப்ரெட்டுகளில் விரலை இழுத்தால் கம்பி விளிம்பைத் தாண்டிக் கீழே விழும். புது நெக்கில் தவறில்லை, அது கோணலாக நிற்கிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும்.

கம்பிகளைப் பாதி தளர்த்துங்கள். நான்கு ஸ்குரூவையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். முதல் கம்பி விளிம்பை ஒட்டி ஓடினால் நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கை ஆறாம் கம்பி இருக்கும் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். ஆறாம் கம்பி நழுவினால் எதிர்ப்பக்கம். பாக்கெட்டில் தலைமுடி அளவு இடம் இருந்தாலே போதும், நட் வரைக்கும் உள்ள நீளத்தில் அது நன்றாகத் தெரியும்.

அசைக்க இடமே இல்லையா? பாக்கெட்டின் எந்தச் சுவர் தடுக்கிறதோ அங்கே பெயின்ட் திரட்டு இருக்கும். மாறாக, இடம் அதிகமாக இருந்து நெக் தானாகத் தள்ளாடினால், சுவருக்கும் ஹீலுக்கும் நடுவே மெல்லிய மரத்தகடு செருகலாம். பிளைவுட் கடையில் கிடைக்கும் வெனியர் துண்டு இதற்குப் பொருத்தம்.

நெக் நேராக நின்றும் இரண்டு பக்கமும் கம்பி விளிம்பை ஒட்டியே ஓடினால் பிரிட்ஜின் அளவு காரணம். பழைய வகை ஸ்ட்ராட் பிரிட்ஜில் முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் நடுவே 56 மி.மீ., புது வகையில் 52.5 மி.மீ. ஹீல் பக்கம் கொஞ்சம் குறுகலான நெக்கில் 56 மி.மீ. பிரிட்ஜ் போட்டால் ஓரத்தில் இடம் மிஞ்சாது. பிரிட்ஜை மாற்றுவது செலவு. அதற்கு முன் நட்டில் வெட்டின் இடைவெளியைக் கொஞ்சம் குறுக்கி வெட்டச் சொல்லலாம். அந்த வேலைக்கு அளவான நட் ஃபைல் வேண்டும், அதனால் சர்வீஸ் செய்பவரிடம்தான்.

## கம்பி மிக உயரத்தில் நிற்கிறது, சாடிலை இறக்க இடமில்லை

பாக்கெட் சுத்தமாக இருக்கிறது, நெக் அடியில் உட்கார்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் இதற்கு வர வேண்டும்.

புது நெக்கின் ஹீல் பழையதைவிட மெல்லியதாக இருந்தால் ஃப்ரெட்போர்டு தாழ்ந்துவிடும், கம்பி மேலே நிற்கும். சரியான அளவில் ஃப்ரெட்போர்டின் மேற்பரப்பு பாடியிலிருந்து ஏறக்குறைய 9.5 மி.மீ. உயரத்தில் இருக்கும். அளந்து பாருங்கள்.

தீர்வு ஷிம். பாக்கெட்டின் உள்கோடியில், பிக்கப்பை ஒட்டிய பக்கம், 0.25 மி.மீ. தகடு ஒன்று வையுங்கள். நெக் பின்னால் சாயும், கம்பி இறங்கும், சாடிலைத் தேவைக்கு ஏற்றிக்கொள்ள இடம் கிடைக்கும். இவ்வளவு சின்னத் தகடு என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பாக்கெட்டில் கால் மி.மீ. என்பது பிரிட்ஜில் கண்ணுக்குத் தெரிகிற உயரம். ஷிம் வைப்பது ஒட்டுவேலை என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே ஷிம் வைத்து அனுப்பிய கிட்டார்கள் ஏராளம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. விசிட்டிங் கார்டு துண்டு சோதனைக்கு நல்லது. கோணம் சரி என்று தெரிந்ததும் பாக்கெட் முழுவதும் படிகிற, ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்த மரத்தகட்டை வையுங்கள். ஹீலுக்கு அடியில் வெற்றிடம் இல்லாமல் இருப்பதே நெடுநாளைக்கு நல்லது.

எதிர்க் கோளாறும் உண்டு. சாடில்களை முழுக்க ஏற்றியும் கம்பி ஃப்ரெட்டில் படுத்துக் கிடக்கும். ஹீல் தடித்தது, அல்லது பழைய ஷிம் உள்ளேயே இருக்கிறது. ஷிம் எதுவும் இல்லையென்றால் இப்போது தகடு பாக்கெட்டின் வாய்ப்பக்கம், ஹெட்ஸ்டாக்கை நோக்கிய விளிம்பில் வர வேண்டும்.

ஒரு மி.மீ. தடிமனுக்கு மேல் ஷிம் தேவைப்பட்டால் அந்த நெக்கும் பாடியும் அளவில் ஒத்துவரவில்லை. திருப்பிக் கொடுக்க முடிந்தால் நெக்கைத் திருப்பிக் கொடுங்கள். முடியாவிட்டால் பாக்கெட்டின் ஆழத்தை மாற்றத் தேர்ந்தவரிடம் போங்கள்.

## கம்பி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கிறது

எங்கே உரசுகிறது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். அதற்கு முன் கம்பியைச் சுருதிக்கு ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். புது நெக் கம்பியின் இழுப்புக்குப் பழகியிருக்காது. மாட்டிய அன்றே அளந்தால் மறுநாள் மறுபடி அளக்க வேண்டிவரும்.

### திறந்த கம்பியில் (விரல் வைக்காமல் மீட்டும்போது) மட்டும்

நட்டின் வெட்டு ஆழமாகிவிட்டது. கம்பியை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டில் காகித அளவு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். துளிகூட இல்லையென்றால் நட்டை மாற்ற வேண்டும்.

### முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில்

நெக் மிக நேராகவோ, பின்னால் வளைந்தோ இருக்கிறது. ட்ரஸ் ராடைத் தொடும் நேரம் இதுதான். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் ஆறாம் கம்பியை அழுத்தி, எட்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் உள்ள இடைவெளியை அளங்கள். 9.5 முதல் 12 அங்குல ரேடியஸ் (ஃப்ரெட்போர்டின் குறுக்கு வளைவு) உள்ள நெக்குக்கு 0.25 மி.மீ. நல்ல தொடக்கம். குறைவாக இருந்தால் ராடை இடப்பக்கம் கால் சுற்று தளர்த்துங்கள், அதிகமாக இருந்தால் வலப்பக்கம் கால் சுற்று. சுருதி சேர்த்து மறுபடி அளங்கள். ஒரே மூச்சில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

ஆலன் கீ விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. ஃபெண்டர் வகை நெக்குகளில் பல அங்குல அளவில் வருகின்றன. 1/8 அங்குலம் என்றால் 3.2 மி.மீ. நம் ஊர் செட்டில் உள்ள 3 மி.மீ. கீ உள்ளே போகும், பிடித்ததுபோலவும் இருக்கும், அழுத்தித் திருகினால் உள்முனைகளை மழித்துவிடும். 3/16 அங்குலத்துக்கு 4.76 மி.மீ. அதற்கும் நம் செட்டில் சரியான ஜோடி கிடையாது. நெக் வாங்கும்போதே அதற்கான கீயைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ராட் திரும்ப மறுத்தால், அல்லது திருப்பியும் இடைவெளி மாறவே இல்லையென்றால், பலம் போடாமல் வைத்துவிடுங்கள். ராட் முறிந்த நெக்கைச் சரிசெய்ய ஃப்ரெட்போர்டையே பெயர்க்க வேண்டியிருக்கும்.

### பன்னிரண்டுக்கு மேல்

இது ட்ரஸ் ராட் வேலை அல்ல. சாடில் உயரம், இல்லையேல் பாக்கெட் கோணம். 17-ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 1.6 மி.மீ. இருக்கும்படி ஏற்றிப் பாருங்கள். அப்போதும் உரசினால் ஷிம்மைச் சந்தேகிக்க வேண்டும்.

### ஒரே ஒரு இடத்தில்

அடுத்த ஃப்ரெட் உயர்ந்து நிற்கிறது. மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் படுகிற அளவுக்குச் சின்ன ஸ்டீல் துண்டை நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடு ஃப்ரெட்தான். தனியாக விற்கும் நெக்குகளில் பலவும் ஃப்ரெட் சமன் செய்யப்படாமலே வருகின்றன என்பதை வாங்கும்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இதை வீட்டில் தேய்க்கச் சொல்ல மாட்டேன். ஒன்றைத் தேய்த்தால் அடுத்தது உயரமாகிவிடும். சமன் செய்து முனை வட்டமாக்குவது ஒரே தடவையில் முடிகிற வேலை, காசு கொடுத்துச் செய்யத் தகுந்தது.

## சாடிலை எவ்வளவு நகர்த்தினாலும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுருதி சேரவில்லை

கம்பி பழையதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஸ்கேலை எடுங்கள். நட்டின் உள்விளிம்பிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் நடுப்பகுதி வரை அளந்து இரண்டால் பெருக்கினால் வருவது ஸ்கேல் நீளம். ஸ்ட்ராட், டெலி இரண்டுக்கும் 648 மி.மீ., அதாவது 25.5 அங்குலம். முஸ்டாங், ஜாகுவார் நெக் 24 அங்குலம், 610 மி.மீ. 648-க்கான பாடியில் 610 நெக்கை மாட்டினால் எந்தச் சாடிலும் எட்டாது.

24.75 அங்குல நெக்கில் இரண்டு வகை உண்டு. 25.5 அங்குலப் பாடியிலேயே பிரிட்ஜை நகர்த்தாமல் பொருந்தும்படி கணக்குப் போட்டுச் செய்த "கன்வர்ஷன்" நெக் ஒன்று. சாதாரண 24.75 நெக் மற்றொன்று. இரண்டாவது உங்கள் பாடிக்கு ஆகாது. வாங்கும்போது கேட்டே தீர வேண்டிய கேள்வி இது.

நீளம் சரியாக இருந்தால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து முதல் கம்பியின் சாடில் வரை அளங்கள். 324 மி.மீ. அல்லது ஒரு மி.மீ. கூடுதலாக வர வேண்டும். ஆறாம் கம்பிக்கு இன்னும் சில மி.மீ. பின்னால். மூன்று நான்கு மி.மீ. வித்தியாசம் கண்டால் பெரும்பாலும் நெக் பாக்கெட்டின் கோடி வரை போகவில்லை. நெக்கைக் கழற்றிக் கோடிச் சுவரில் பெயின்ட் திரட்டைத் தேடுங்கள். அங்கே எதுவும் இல்லாமல், அளவு மட்டும் தப்பினால் பிரிட்ஜை இடம் மாற்ற வேண்டும். பாடியில் புது ஓட்டை போடும் வேலை, தேர்ந்த கை வேண்டும்.

முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மட்டும் சுருதி ஏறுகிறது, பன்னிரண்டில் சரியாக இருக்கிறது என்றால் நட் உயரமாக இருக்கிறது. பிரிட்ஜைத் தொட வேண்டாம்.

## சுருதி நிற்கவில்லை

நெக் ஸ்குரூ இறுக்கமா என்று பார்த்துவிட்டு, கம்பியை முறுக்கும் திருகான டியூனருக்குப் போங்கள். பழைய வகை டியூனருக்கு ஹெட்ஸ்டாக் ஓட்டை 8.7 மி.மீ. அளவு, புது வகைக்கு 10 மி.மீ. பழைய கிட்டாரின் டியூனரை 10 மி.மீ. ஓட்டையில் போட்டால் தண்டு ஆடும். அதற்கான அடாப்டர் புஷ் தனியாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. தலைகீழாக, பெரிய டியூனருக்காக ஓட்டையைப் பெரிதாக்க மர பிட்டை ஓட்டாதீர்கள். பிட் கவ்வி ஹெட்ஸ்டாக் பிளக்கும். ரீமரைக் கையால் சுற்றி எடுங்கள்.

சுருதி ஏற்றும்போது "டிங்" என்று சத்தம் வந்தால் கம்பி நட்டில் மாட்டிக்கொள்கிறது. வெட்டில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். கொஞ்சம் சரியாகி மறுபடி வந்தால் வெட்டை அகலப்படுத்த வேண்டும்.

## நன்றாக இருந்த கிட்டார் சில வாரத்தில் மாறிவிட்டது

வறண்ட ஊரிலிருந்து பெட்டியில் வந்த நெக், சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஈரத்தில் மெதுவாக அசையும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது நன்றாகத் தெரியும். ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பினால் தீர்கிற விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. ஏ.சி. அறையிலேயே கிடக்கும் கிட்டாரில் எதிராக நடக்கும். மரம் சுருங்கி ஃப்ரெட்டின் முனைகள் பக்கவாட்டில் கையைக் கீறும்.

பாலிஷ் இல்லாத வெறும் மேப்பிள் நெக் வாங்கியிருந்தால் இந்த அசைவு அதிகம். வந்ததும் துளைக்கத் தொடங்காமல், கிட்டார் இருக்கும் அறையிலேயே சில நாள் கிடக்கவிட்டு, லாக்கரோ ஆயில் ஃபினிஷோ கொடுங்கள். ஹீலின் அடிப்பாகத்தில் மட்டும் தடித்த பூச்சு வேண்டாம். அது பாக்கெட்டில் நெக்கைத் தூக்கி நிறுத்தும்.

நெக் முறுக்கிக்கொண்டால், அதாவது ஹெட்ஸ்டாக்கிலிருந்து நீளவாக்கில் பார்க்கும்போது நட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால், ராடால் அதை எடுக்க முடியாது. வாங்கிய இடத்தில் திருப்பிக் கேளுங்கள். ஓட்டை போட்ட நெக்கைப் பெரும்பாலும் யாரும் திரும்ப எடுப்பதில்லை என்பதால், இந்தச் சோதனையைப் பெட்டியைப் பிரித்த அன்றே, டிரில்லைக் கையில் எடுக்கும் முன்பே செய்துவிட வேண்டும்.